ஜெனரேட்டரில் வெல்டிங் மெஷின் ஓடுமா? கணக்கை ராடிலிருந்து தொடங்குங்கள்

கரண்ட் வசதி இல்லாத இடத்தில் ஒரு கேட்டின் கீல் விட்டுப்போயிருக்கிறது. தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவில் ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இருக்கிறது. முகப்பில் பெரிதாக 200 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. கூடவே ஒரு 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். இரண்டையும் சேர்த்தால் வேலை நடக்குமா?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "நான் ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்பார் ஒருவர். "மெஷின் புகைந்துவிடும், வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒருவர் மெல்லிய ராடை, அதாவது உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் கம்பியை, குறைந்த ஆம்பியரில் எரித்திருப்பார். மற்றவர் தடித்த ராடைப் போட்டிருப்பார், அல்லது பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை மாட்டியிருப்பார். மெஷின் மேல் உள்ள எண்ணையும் ஜெனரேட்டர் மேல் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. ராடின் நுனியில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

ஆர்க் எவ்வளவு கேட்கிறது

ராடுக்கும் இரும்புக்கும் நடுவில் எரிகிற ஆர்க்கில் வோல்டேஜ் மிகக் குறைவு, ஆம்பியர்தான் அதிகம். ராடு வெல்டிங்குக்கு ஒரு சுலபமான சூத்திரம் உண்டு: ஆம்பியரை 0.04-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்டினால் ஆர்க்கின் வோல்டேஜ் கிடைக்கும். வெல்டிங் மெஷின்களைச் சோதிக்கிற சர்வதேசத் தரத்திலும் இதே கணக்குதான். 100 ஆம்பியர் என்றால் 24 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2,400 வாட், அதாவது 2.4 கிலோவாட். 80 ஆம்பியருக்கு 23.2 வோல்ட், ஏறக்குறைய 1.86 கிலோவாட். 60 ஆம்பியருக்கு 1.34 கிலோவாட்தான்.

அடுத்து, எந்த ராடுக்கு எத்தனை ஆம்பியர்? சாதாரண இரும்பு வேலைக்குப் பயன்படும் 6013 வகை ராடில் 2 மி.மீ. தடிமனுக்கு 40 முதல் 70, 2.5 மி.மீ.-க்கு 60 முதல் 100, 3.15 மி.மீ.-க்கு 90 முதல் 140 ஆம்பியர் என்பது பொதுவான அளவு. ராடு பெட்டியின் மேலேயே இது அச்சாகியிருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கேட், கிரில், ஸ்டாண்டு போன்ற வேலைகளில் பெரும்பாலானவை 2.5 மி.மீ. ராடில் 70, 80 ஆம்பியரிலேயே முடிந்துவிடும்.

மெஷினில் 200 என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்சம் மட்டும்தான். குமிழைத் திருப்பி 80-ல் வைத்தால் ஜெனரேட்டர் மேல் விழுவது 80 ஆம்பியருக்கான லோடு மட்டுமே. 200 ஆம்பியர் மெஷினுக்குப் பெரிய ஜெனரேட்டர்தான் வேண்டும் என்று பலர் நினைப்பது இதைக் கவனிக்காததால்தான். அதற்காக 120 ஆம்பியர் மெஷின் என்றால் ஜெனரேட்டருக்கு லேசு என்றும் எண்ண வேண்டாம். இரண்டையும் 80-ல் வைத்தால் இரண்டும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான்.

வாட்டுக்கும் கேவிஏ-வுக்கும் நடுவில் தொலைவது

ஆர்க்குக்குப் போகிற 2.4 கிலோவாட்டை மட்டும் ஜெனரேட்டர் கொடுத்தால் போதாது. மெஷினுக்குள்ளேயே கொஞ்சம் வெப்பமாக வீணாகிறது. இன்வெர்ட்டர் மெஷினில் உள்ளே போவதில் சுமார் 80 சதவீதம் ஆர்க்குக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 100 ஆம்பியருக்கு 3 கிலோவாட் உள்ளே போக வேண்டும்.

சரி, 3 கிலோவாட் ஜெனரேட்டர் வாங்கிவிடலாம் என்று இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் இன்னொரு படி பாக்கி இருக்கிறது.

ஜெனரேட்டரில் இரண்டு தனித்தனி உறுப்புகள் உண்டு: இன்ஜின், ஆல்டர்னேட்டர். இன்ஜின் தள்ளுகிற உண்மையான சக்தி கிலோவாட்டில் அளக்கப்படுகிறது. ஆல்டர்னேட்டரின் செம்புச் சுருளுக்கு வாட்டைப் பற்றிய கவலை இல்லை. தன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதுதான் அதைச் சூடாக்கும். அந்த ஆம்பியரை வோல்டேஜால் பெருக்கினால் வருவது கேவிஏ. ஹீட்டர், குண்டு பல்பு போன்ற லோடுகளில் இரண்டும் ஒன்றே. வெல்டிங் மெஷினில் அப்படி இல்லை.

சாதாரண இன்வெர்ட்டர் மெஷினுக்குள் முதலில் வருவது மின்சாரத்தை ஒரே திசையில் ஓடவைக்கும் ஒரு ரெக்டிஃபையர், அதன் பின்னால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள். மின்னலையின் உச்சி வரும்போது மட்டும்தான் கெப்பாசிட்டர் நிரம்பும். மற்ற நேரம் அது வெளியிலிருந்து எதையும் எடுக்காது. தண்ணீரைச் சீராக உறிஞ்சாமல் நொடிக்கு நூறு தடவை மடக்கு மடக்காகக் குடிக்கிற மாதிரி. வாட் கணக்கில் பார்த்தால் சராசரி குறைவுதான், ஆனால் ஒவ்வொரு மடக்கிலும் ஓடுகிற ஆம்பியர் மிகப் பெரியது. இந்த வேறுபாட்டைக் காட்டும் எண்ணைத்தான், அதாவது கிலோவாட்டைக் கேவிஏ-வால் வகுத்தால் வருவதைத்தான், பவர் ஃபேக்டர் என்று சொல்கிறார்கள். இத்தகைய மெஷின்களில் அது 0.6, 0.7 அளவில் இருக்கும்.

0.65 என்று வைத்தால், 100 ஆம்பியருக்கான 3 கிலோவாட் 4.6 கேவிஏ ஆகிவிடுகிறது. 80 ஆம்பியருக்கு 3.6 கேவிஏ. 70-க்கு 3.1. 60-க்கு 2.6. ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு விடை: 3 கேவிஏ ஜெனரேட்டரில் 2 மி.மீ. ராடை நிம்மதியாக எரிக்கலாம், 2.5 மி.மீ. ராடை 60, 65 ஆம்பியரில் மெல்லிய தகட்டுக்கு ஓட்டலாம். அதற்கு மேல் போனால் ஜெனரேட்டர் முனக ஆரம்பிக்கும். 3.15 ராடுக்கு அதைக் கேட்கவே கூடாது.

இன்ஜின் திணறுகிற சத்தமே இல்லாமல் ஜெனரேட்டரின் பிரேக்கர் மட்டும் டிரிப் ஆவதைச் சிலர் பார்த்திருப்பார்கள். "இன்ஜின் நல்லாத்தானே ஓடிச்சு, ஏன் விழுந்தது?" என்ற குழப்பம் வரும். இன்ஜினுக்குக் கிலோவாட் மீதி இருந்தது, சுருளுக்கு ஆம்பியர் மீதி இல்லை. அவ்வளவுதான்.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் சுற்று உள்ளே வைத்த இன்வெர்ட்டர் மெஷின்களும் உண்டு. பெயரிலோ முகப்பிலோ பிஎஃப்சி என்று போட்டிருக்கும். அவற்றில் பவர் ஃபேக்டர் 0.99-ஐ ஒட்டி நிற்கும். 100 ஆம்பியருக்கும் 3 கேவிஏ-வைச் சற்றே தாண்டும், அவ்வளவே. 80 ஆம்பியரை 2.4 கேவிஏ-விலேயே முடித்துவிடும். விலை கூடுதல். ஆனால் ஜெனரேட்டரிலேயே அடிக்கடி ஓட்டப்போகிறவருக்கு, பெரிய ஜெனரேட்டரைத் தூக்கிச் சுமப்பதைவிட இந்த வகை மெஷின் நல்ல முடிவு என்பேன். வோல்டேஜ் ஏறி இறங்குவதையும், நீளமான கேபிளையும்கூட அவை நன்றாகவே தாங்குகின்றன.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: சின்ன ஜெனரேட்டரில் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் ஆர்க்கின் 24 வோல்ட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ராடு தொடாதபோது ஹோல்டரில் நிற்கிற வோல்டேஜ் எவ்வளவோ, அதை வெல்டிங் ஆம்பியரால் பெருக்கினால் வருவதுதான் கிட்டத்தட்ட அது மெயினிலிருந்து இழுக்கிற கேவிஏ. 55 வோல்ட் நிற்கிற மெஷினில் 100 ஆம்பியர் எரித்தால் 5.5 கேவிஏ, இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கப் போவது அதற்கு மேல் தனி. சுவிட்சைப் போடுகிற கணத்தில் ஒரு பெரிய இழுப்பும் உண்டு. 3 கேவிஏ ஜெனரேட்டர் அந்த முதல் இழுப்பிலேயே படுத்துவிடலாம்.

மெஷின் தகட்டில் படிக்க வேண்டியது

மேலே சொன்ன கணக்கெல்லாம் உத்தேசம். உங்கள் மெஷினின் உண்மைக் கணக்கு அதன் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டிய தகட்டில் இருக்கிறது. அதில் கட்டம் கட்டமாக எண்கள் நிறைந்திருக்கும். பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பத் தோன்றும். இரண்டே இரண்டைத் தேடினால் போதும்: ஐ1 மேக்ஸ் (I1max), ஐ1 எஃப் (I1eff).

ஐ1 மேக்ஸ் என்பது மெஷினை உச்சத்தில் வைத்து எரிக்கும்போது மெயினிலிருந்து இழுக்கிற ஆம்பியர். ஐ1 எஃப் என்பது வெல்டிங்கையும் ஓய்வையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒயர் எவ்வளவு சூடாகும் என்பதற்காகச் சொல்லப்படும் ஆம்பியர். ஒரு 160 ஆம்பியர் மெஷினின் தகட்டில் ஐ1 மேக்ஸ் 32, ஐ1 எஃப் 19 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மெஷினின் டியூட்டி சைக்கிள் 35 சதவீதம். அதாவது, 40 டிகிரி வெப்பத்தில் 10 நிமிடத்துக்கு மூன்றரை நிமிடம் எரிக்கலாம், மீதி நேரம் ஆற விட வேண்டும். 0.35-இன் வர்க்கமூலம் 0.59, 32-ஐ அதனால் பெருக்கினால் 19. இரண்டு எண்களுக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

வீட்டு ஒயருக்கும் ஃபியூஸுக்கும் 19-ஐப் பார்ப்பது நியாயம். அவை மெதுவாகச் சூடாகிறவை, சராசரியைத் தாங்கும். ஜெனரேட்டருக்கு சராசரி புரியாது. ராடு உரசுகிற நொடியில் இன்ஜினிடம் உச்சச் சக்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நொடியிலேயே வேகம் விழுந்துவிடும். எனவே ஜெனரேட்டருக்கு எப்போதும் 32-ஐத்தான் எடுக்க வேண்டும். 32-ஐ 230 வோல்ட்டால் பெருக்கினால் 7,360; அதாவது முழு 160 ஆம்பியரையும் எரிக்க 7.4 கேவிஏ. அதே மெஷினை 80-ல் வைத்தால் பாதிக்கும் குறைவாக, 3.2 கேவிஏ அளவில் நிற்கும். ஆர்க் வோல்டேஜும் சேர்ந்து குறைவதால்தான் சரிபாதியைவிடக் கொஞ்சம் கீழே போகிறது.

ஜெனரேட்டர் மேல் உள்ள எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அளவு. சில நிமிடங்களுக்கு மேல் அதைத் தர முடியாது. தொடர்ந்து தரக்கூடியது ரேட்டட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதையே எடுங்கள். அதுவும் கடல்மட்டத்துக்குப் பக்கத்தில், சாதாரண வெப்பத்தில் கிடைக்கிற அளவு. உயரமான இடங்களில் காற்று மெலிவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜின் சக்தி சுமார் மூன்றரை சதவீதம் குறையும். 1,500 மீட்டர் உயர மலைப்பகுதியில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம்.

மெஷினைக் கொல்வது குறைந்த வோல்டேஜ் மட்டுமல்ல

ஜெனரேட்டர் சின்னதாக இருந்தால் ஆர்க் சரியாக எரியாது, ராடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதானே என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் உண்மையான சேதம் வருகிற வழி வேறு.

முதலில் லோடு ஏறும்போது நடப்பதைப் பார்ப்போம். இன்ஜின் தாழ்ந்துபோகிறது, வோல்டேஜ் இறங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் என்றால் வோல்டேஜ் குறைந்ததும் தானும் குறைவாக இழுக்கும். இன்வெர்ட்டர் மெஷின் அப்படி விட்டுக்கொடுக்காது. 80 ஆம்பியர் என்று குமிழ் சொல்கிறது. அதைக் கொடுத்தே தீருவேன் என்று, குறைந்த வோல்டேஜை ஈடுகட்ட அதிக ஆம்பியரை இழுக்கும். அதனால் ஜெனரேட்டர் இன்னும் தாழும், மெஷின் இன்னும் இழுக்கும். ஜெனரேட்டரில் உள்ள ஏவிஆர், அதாவது வோல்டேஜைத் தானாகச் சரிசெய்யும் சுற்று, தன் பங்குக்குக் காந்தச் சுருளுக்கு முழு மின்சாரத்தையும் திறந்துவிடும். மெஷின், ஏவிஆர், ஆல்டர்னேட்டர் மூன்றும் சேர்ந்து சூடாகும்.

இந்த நிலையில் கையைத் தூக்குகிறீர்கள், ஆர்க் அணைகிறது. 3 கேவிஏ லோடு கண நேரத்தில் பூஜ்யம். ஆனால் கார்புரேட்டரின் வால்வு இன்னும் முழுதாகத் திறந்திருக்கிறது. இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதை மூட அரை நொடியாவது ஆகும். ஏவிஆர் காந்தச் சுருளில் ஏற்றிவைத்த மின்சாரமும் உடனே வடியாது. இன்ஜின் திடீரென்று எகிறுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு வோல்டேஜும் எகிறும்.

எவ்வளவு எகிறினால் ஆபத்து? 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். மெஷினுக்குள் உள்ள கெப்பாசிட்டர் இந்த உச்சிவரை நிரம்பும். பல மெஷின்களில் அந்தக் கெப்பாசிட்டர் 400 வோல்ட் வரைதான் தாங்கும். 400-ஐ 1.414-ஆல் வகுத்தால் 283. ஆக, ஜெனரேட்டர் ஒரு தடவை 283 வோல்ட்டைத் தாண்டினாலே கெப்பாசிட்டர் எல்லையை மீறிவிடுகிறது. நல்ல மெஷின்கள் அதிக வோல்டேஜைக் கண்டதும் தாமாக நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். எல்லா மெஷினிலும் அந்தப் பாதுகாப்பு இருக்காது. பத்து தடவை தாங்கிய மெஷின் பதினோராவது தடவை 'பட்' என்று ஒரு சத்தத்தோடு ஓய்ந்துவிடும். அதுவரை எரித்தவர், நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்பார்.

ஜெனரேட்டரில் 25, 30 சதவீதம் கூடுதல் இடம் வைத்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். சக்தி போதாமை ஒரு காரணம்; லோடு விழும்போது வோல்டேஜ் குறைவாகக் குதிக்கட்டும் என்பது அதைவிட முக்கியமான காரணம். 5 கேவிஏ ஜெனரேட்டருக்கு 3 கேவிஏ ஏறி இறங்குவது ஓர் அசைவு. 3 கேவிஏ ஜெனரேட்டருக்கு அதுவே ஒரு பெரிய ஆட்டம்.

இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் நல்லதா?

கையில் தூக்கிப் போகிற, சத்தம் குறைந்த, மூடிய பெட்டி வடிவ ஜெனரேட்டர்களைப் பற்றி இந்தக் கேள்வி வரும். அவை உள்ளே ஒரு முறை நேர்மின்சாரமாக மாற்றி, மறுபடியும் சுத்தமான அலையாகச் செய்து தருகின்றன. எனவே இன்ஜின் எகிறினாலும் வெளியே வோல்டேஜ் எகிறாது. மேலே சொன்ன கெப்பாசிட்டர் பயம் பெருமளவு போய்விடும். அந்த வகையில் நல்லதுதான்.

ஆனால் இரண்டு சங்கடங்கள். சாதாரண ஜெனரேட்டரில் கனமாகச் சுழல்கிற பாகம் ஒரு நொடிக்குக் கூடுதல் சக்தி தந்துவிடும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் எலக்ட்ரானிக்ஸ் எல்லையைத் தாண்டியதும் தயவு பார்க்காமல் நிறுத்திவிடும். ராடை உரசுகிற ஒவ்வொரு தடவையும் ஓவர்லோடு விளக்கு எரிவது இதனால்தான். இரண்டாவது, அவற்றில் பெட்ரோலை மிச்சப்படுத்த ஈகோ என்று ஒரு சுவிட்ச் உண்டு. லோடு இல்லாதபோது இன்ஜின் மெல்ல ஓடும், லோடு வந்ததும் வேகமெடுக்கும். வெல்டிங்கில் லோடு எதிர்பாராமல் ஒரே நொடியில் வருவதால் இன்ஜின் எழுந்து நிற்பதற்குள் ஆர்க் செத்துவிடும். வெல்டிங் செய்யும்வரை அந்தச் சுவிட்சை அணைத்துவையுங்கள். ராடு ஒட்டுகிறது என்று புலம்புகிற பாதிப் பேருக்கு இதுவே தீர்வாக இருக்கக்கூடும்.

மெஷினில் உள்ள ஹாட் ஸ்டார்ட், ஆர்க் ஃபோர்ஸ் (ராடு ஒட்டப்போகும்போது ஆம்பியரை ஏற்றுவது) வசதிகளையும் குறைத்துவையுங்கள். ஹாட் ஸ்டார்ட் என்பது ராடு பற்றிக்கொள்ளத் தொடக்கத்தில் குமிழ் சொல்வதைவிட அதிக ஆம்பியரைத் தருகிற ஏற்பாடு. மெயின் கரண்டில் அது வரம். சின்ன ஜெனரேட்டரில் அதுவே முதல் அடி. அப்புறம், கையின் பழக்கமும் கணக்கில் வரும். ஆர்க்கை நீளமாக்கினால் வோல்டேஜ் ஏறும், வாட்டும் ஏறும். ராடை வேலையோடு நெருக்கிப் பிடித்து எரிக்கிறவருக்கு ஓடுகிற ஜெனரேட்டர், தூக்கிப் பிடித்து எரிக்கிறவருக்கு டிரிப் ஆகலாம்.

எக்ஸ்டென்ஷன் கேபிள்

ஜெனரேட்டரை வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதனால் இடையில் கேபிள் வரும். 25 மீட்டர் தூரம் என்றால் போகவும் வரவும் 50 மீட்டர் செம்பு. 1.5 ச.மி.மீ. கேபிளில் 20 ஆம்பியர் ஓடினால் சுமார் 12 வோல்ட் கேபிளிலேயே தொலையும். 2.5 ச.மி.மீ. என்றால் 7 வோல்ட் சொச்சம். வீட்டில் டேபிள் ஃபேனுக்கு வைத்திருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இதற்கு எடுக்கவே கூடாது. உருளையில் சுற்றிய கேபிள் என்றால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடி ஓட்டினால் உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேற வழியின்றி, இன்சுலேஷன் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டுகிற முறை

ஜெனரேட்டரைச் சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். சாய்வாக வைத்தால் ஆயில் குறைவு என்று எண்ணிப் பல இன்ஜின்கள் தாமாக நின்றுவிடும். லோடு எதுவும் இல்லாமல் இயக்கி இரண்டு மூன்று நிமிடம் சூடாக விடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பிளக் பாயின்ட்டில் வோல்டேஜைப் பாருங்கள். சாதாரண ஜெனரேட்டரில் லோடு இல்லாதபோது 230-க்குச் சற்று மேலும், அலைவரிசை 50-க்குப் பதில் 51, 52 ஹெர்ட்ஸும் காட்டுவது இயல்பு. லோடு ஏறியதும் இறங்கும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். 250-ஐத் தாண்டிக் காட்டினால், அல்லது எண் நிற்காமல் ஆடினால், மெஷினை மாட்டாதீர்கள். முதலில் ஜெனரேட்டரைச் சரிபாருங்கள்.

எல்லாம் சரியென்றால் மெஷினின் சுவிட்ச் அணைந்திருக்கும்போது பிளக்கைச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள். 50 ஆம்பியரில் தொடங்கி ஒரு வேண்டாத துண்டில் எரித்துப் பார்த்து, மெல்ல ஏற்றுங்கள். காதுதான் இங்கே நல்ல மீட்டர். ராடு உரசும்போது இன்ஜின் ஒரு கணம் தாழ்ந்து உடனே நிமிர்ந்து அதே சுருதியில் நின்றால் இடம் இருக்கிறது. தாழ்ந்தபடியே இழுத்துக்கொண்டு ஓடினால், 10 ஆம்பியர் குறையுங்கள்.

முடிக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் மெஷினை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஜெனரேட்டரை ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். லோடோடு பெட்ரோல் தீர்ந்து நிற்க விடவே கூடாது. இன்ஜின் விக்கி விக்கிச் சாகும்போது வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும்.

வெல்டிங் நடக்கும்போது அதே ஜெனரேட்டரில் போன் சார்ஜர், எல்இடி விளக்கு, லேப்டாப் எதையும் மாட்டி வைக்காதீர்கள். கிரைண்டர் மாட்டலாம், ஆனால் ஆர்க் எரியும்போது அதை ஓட்டக் கூடாது. இருவர் வேலை செய்கிற இடத்தில் இதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தானவை

பெட்ரோல் இன்ஜினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் மணமும் இல்லாததால் வருவது தெரியாது. தலைவலி, தலைசுற்றல், மயக்கம், மரணம் என்று போகும். ஷட்டரைத் திறந்துவைத்த ஷெட்டும் மூடிய அறைக்குச் சமம்தான். வாசல், ஜன்னல்களிலிருந்து 6 மீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி, புகைக்குழாய் ஆள் இல்லாத பக்கம் பார்க்கும்படி வெட்டவெளியில் வையுங்கள். கேபிளை நீளமாக்கச் சொன்னதன் காரணம் இதுதான். தீப்பொறி பறக்கிற இடத்திலிருந்து பெட்ரோல் டேங்க் விலகி இருக்கவும் அந்தத் தூரம் உதவும். பெட்ரோல் ஊற்றுவது இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகுதான்.

எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில், துருவும் பெயின்ட்டும் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். ஜெனரேட்டரையே அந்த இரும்புச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு எரிக்காதீர்கள். வெல்டிங் மின்சாரம் எர்த் கம்பி வழியாகவோ ஜெனரேட்டரின் உடல் வழியாகவோ குறுக்கு வழி தேடிக்கொள்ளும். ஜெனரேட்டருக்குத் தரையில் எர்த் அடிக்க வேண்டுமா என்பது அதன் உள் இணைப்பைப் பொறுத்து மாறும். அதன் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். ஈரத் தரையில் நின்று எரிக்க வேண்டாம். ராடு தொடாதபோது ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கிறது, வியர்வையில் நனைந்த கையுறை அதைத் தடுக்காது. ஜெனரேட்டரை வீட்டின் பிளக் பாயின்ட் வழியாக வீட்டு ஒயரிங்குக்குள் செலுத்தும் யோசனை யாருக்காவது வந்தால், அதை அங்கேயே விட்டுவிடுங்கள். மின்கம்பத்தில் வேலை செய்கிறவரின் உயிர் அதில் இருக்கிறது.

எந்த அளவு வாங்கலாம்

புதிதாக வாங்குகிறவருக்கு என் கருத்து: 2.5 மி.மீ. ராடே போதும் என்றால், சாதாரண இன்வெர்ட்டர் மெஷினுக்கு ரேட்டட் 5 கேவிஏ, ஏவிஆர் உள்ள ஜெனரேட்டர். பிஎஃப்சி மெஷின் என்றால் ரேட்டட் 3.5 கேவிஏ-விலும் அந்த வேலையைச் செய்துவிடலாம். 3.15 ராடை 120, 130 ஆம்பியரில் நாள் முழுக்க எரிக்க வேண்டுமென்றால் சாதாரண மெஷினுக்கு 8 கேவிஏ பக்கம் போக வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு வந்துவிட்டால், ஒரே சட்டத்தில் இன்ஜினும் வெல்டிங்கும் சேர்ந்து வருகிற இன்ஜின் வெல்டரையும் விசாரித்துப் பாருங்கள். அதில் ஜெனரேட்டரும் மெஷினும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே செய்யப்பட்டிருப்பதால் மேலே போட்ட கணக்கு எதுவும் தேவைப்படாது.

டிக் (TIG) வெல்டிங், அதாவது உருகாத டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரிக்கிற முறை, செய்கிறவருக்குக் கணக்கு இன்னும் லேசு. அதன் ஆர்க் 100 ஆம்பியரில் 14 வோல்ட்தான், அதாவது 1.4 கிலோவாட். ராடில் 60 ஆம்பியரோடு நின்றுவிடுகிற அதே 3 கேவிஏ ஜெனரேட்டர், டிக்கில் 100 ஆம்பியரைத் தந்துவிடும்.